திரும்பி வராத நீ

மகளின் மூத்த பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டோடு இருக்கிறாள். அந்த இடைவெளியில் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் துணையோடு ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் "சும்மா" என்கிறாள். கண்டி - குருநாகல் பாதையில் ஓடும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் கலகெதரக் கடைவீதியிலிருந்து மேலேறி வரும் எங்கள் வீட்டு விறாந்தையில், காலையிலும் அஸருக்குப் பின்னும் புதுச் சொற்கள் ஒலித்தவண்ணம் உள்ளன.

ஒருநாள் என்னிடம் வந்தாள். "அப்பா, ஸ்பானிஷ்ல நீ என்டா தூ. நீங்க என்டா உஸ்தேத். கடைக்காரருக்கு எத செல்லணும்?" (எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் பாட்டன். தகப்பன் வாப்பா.)

"தெரியாத ஆள் என்டா நீங்க தானே மகள்."

"த்ரீவீல் காரருக்கு?"

"அவருக்கும் நீங்க தான்."

"வளவு கூட்ட வார ஆளுக்கு?"

நான் பத்திரிகையைப் புரட்டினேன். வளவு கூட்ட வரும் அந்த அம்மாள் என் மனைவியைவிட வயதில் மூத்தவர். தோட்டத்து லயத்திலிருந்து வருகிறார். எங்கள் வீட்டில் அவரை எல்லோரும் நீ என்றுதான் சொல்கிறோம். அவர் எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தையைக்கூட "வாங்க, போங்க" என்கிறார். பிள்ளை கேட்டது ஸ்பானிய இலக்கணம். எனக்கு அது வேறு ஏதோவாகப் பட்டது. அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஸ்பானியரின் "தூ" இலத்தீனிலிருந்து வந்தது. நமது அயலவரின் சிங்களத்தில் உள்ள "தோ"வும் அதே பழைய வேரிலிருந்து, சமஸ்கிருத வழியாக வந்தது. மட்ரிட் நகரில் தாய் தன் பிள்ளையைக் கொஞ்சும் சொல்லின் உடன்பிறப்பு, கலகெதரப் பஸ் நிலையத்தில் சொல்லப்பட்டால் கைகலப்பில் முடியும்! சொல்லுக்குள் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

"உஸ்தேத்" என்பதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. நமது "உஸ்தாத்" அல்லவா இது! எண்ணூறு ஆண்டுகள் அந்தலூசியாவில் முஸ்லிம்கள் வாழ்ந்த மண் அது. ஆசிரியரை அழைத்த சொல் எல்லோரையும் அழைக்கும் சொல்லாகியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சரியல்ல. "வுவெஸ்த்ரா மெர்ஸேத்", அதாவது "தங்கள் கருணை" என்ற நீண்ட மரியாதைத் தொடர், வாயில் தேய்ந்து தேய்ந்து, "வுஸ்தேத்" முதலிய இடைவடிவங்களைக் கடந்து "உஸ்தேத்" ஆயிற்று. அந்த இடைவடிவங்கள் எழுத்தில் பதிவாகியுள்ளன. நம்முடையதல்லாத பெருமையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரபு அந்த மொழிக்குக் கொடுத்தவை வேறு நிறைய உண்டு. அவற்றுள் எனக்குப் பிடித்தது "ஃபுலானோ". மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு விளங்கும், நமது "ஃபுலான்", இன்னார். பெயர் தெரியாத, அல்லது பெயர் சொல்ல விரும்பாத மனிதனுக்கான சொல்.

ஸ்பானிய மொழி நமக்கு அத்தனை தூரத்து மொழியுமல்ல. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே முடி. 1609க்கும் 1614க்கும் இடையில் ஸ்பெயினில் எஞ்சியிருந்த மொரிஸ்கோக்களை நாடுகடத்தியதும், 1626இல் இலங்கையின் போர்த்துக்கேயப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும் அந்த ஒரே அரச வம்சத்தின் காலத்தில்தான். அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். அந்த மொரிஸ்கோக்கள் தங்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள், நமது மூத்தவர்கள் அரபுத் தமிழ் எழுதியது போலவே. அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் அல்லாஹ்வை அவர்கள் அழைத்தது "தூ" என்று. இதற்குப் பின்னால் வருகிறேன்.

பிள்ளையைக் குழப்பியது வேறொரு விதி. "உஸ்தேத்" என்று முன்னால் நிற்பவரிடம் சொன்னாலும், அதன் வினைச்சொல் முன்னிலையில் வராது, படர்க்கையில் வரும். "நீங்கள் பேசுகிறீர்கள்" என்பதல்ல, "தங்கள் கருணை பேசுகிறது" என்பது போல. எதிரே நிற்பவரை அங்கே இல்லாதவர் போலப் பேசுவதுதான் மரியாதை! அரபு இலக்கணத்தில் தன்மை "முதகல்லிம்", பேசுபவர். முன்னிலை "முஹாதப்", பேசப்படுபவர். படர்க்கை "ஙாயிப்", இல்லாதவர். மரியாதை என்பது ஒருவரை முஹாதபிலிருந்து ஙாயிபுக்கு அனுப்புவது. பாராளுமன்றத்தில் ஒலிக்கும் சிங்களத் "தமுன்னான்சே"யும், கிறிஸ்தவ நண்பர்களின் பழைய "தேவரீரும்", நமது "தாங்களும்" இதே பாதையில் வந்தவைதான். தூரம் கூடக் கூட மரியாதை கூடுகிறது.

கண்டியில் இந்தத் தூரங்களை எண்ணிப் பார்த்த முதல் அந்நியன் றொபேட் நொக்ஸ் எனலாம். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பும்வரை மலைநாட்டில் சிறையிருந்தவன். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனது நூலில், இந்நாட்டவர் ஒரு மனிதனை முன்னிலையில் அழைக்க ஏழெட்டுச் சொற்கள் வைத்திருக்கிறார்கள், ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்று எழுதி, அவற்றை வரிசைப்படுத்தியும் வைத்திருக்கிறான். தோ, தொபி, உம்ப, உம்பெல என்று தொடங்கி, தொம்சி, தொம்மான்சி என்று ஏறுகிறது அந்த ஏணி. நாட்டுப்புறத்து உழவனும் அரசவையாளனைப் போலவே நயமாகப் பேசுவான் என்றும் அவன் வியந்திருக்கிறான். ஏழெட்டுப் படிகளில் கால் தவறாமல் நடக்க வேண்டியவனுக்கு நயம் வராமல் என்ன செய்யும்?

அவனது "தொம்சி" இன்றைய "தமுசே" என்றே என் காது சொல்கிறது. நொக்ஸின் ஏணியில் அது மேற்படி. இன்று அது சண்டையில் வரும் சொல், அதிகாரி கீழே இருப்பவனை அதட்டும் சொல். ஸ்பெயினிலும் இதுவே நடந்தது. ஒருகாலத்தில் பெரியோரை அழைத்த "வோஸ்", பதினாறாம் நூற்றாண்டில் தரமிறங்கி ஏறக்குறைய ஏச்சாகிவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் "தங்கள் கருணை" வந்தது. அதே "வோஸ்" கடல் கடந்து ஆர்ஜன்டீனாவுக்குப் போய், அங்கே இன்று நண்பனை அழைக்கும் இனிய சொல்லாக இருக்கிறது. கொலம்பியாவின் தலைநகர்ப் பக்கத்திலோ கணவனும் மனைவியும்கூட "உஸ்தேத்" சொல்லிக்கொள்கிறார்களாம். நமது "நீர்" பட்ட பாடும் தெரிந்ததுதான். சொற்கள் சில்லறைக் காசு போல் கைமாறித் தேய்கின்றன. தேய்வதற்குக் காரணம் சொல் அல்ல, கைகள்.

இனி என் வாப்பாவின் கடைக்கு வர வேண்டும். எழுபதுகளில் கலகெதரவில் மிளகு, பாக்கு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கும் சிறிய கடை. லொறி வந்தால் மூட்டை ஏற்றி இறக்க ஒரு பெரியவர் இருந்தார். "பெரியவர்" என்று இன்று எழுதுகிறேன், அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை நான், அவரைப் பெயர் சொல்லி நீ என்பேன். அவர் என்னை "சின்ன மொதலாளி" என்பார். (அவரது தொழிலுக்கு இந்நாட்டில் "நாட்டாமை" என்று பெயர். தமிழகத்தில் ஊர்த் தலைவனுக்கு உரிய சொல் இங்கே மூட்டை தூக்குபவனுக்கு. இதுவும் ஒரு தேய்வு.)

அவர் தோட்டத்து ஆள். 1948இல் குடியுரிமை இழந்து, 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிடப்பட்ட மக்களில் ஒருவர். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அவரை யாரும் நீ என்றும் அழைக்கவில்லை, நீங்கள் என்றும் அழைக்கவில்லை. அவர்கள் வெறும் "அவர்கள்". மரியாதையின் உச்சியில் ஒரு ஙாயிப் உண்டென்றால் அடித்தட்டிலும் ஒரு ஙாயிப் உண்டு.

பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியும் வாப்பாவும் ஒருவரையொருவர் "உம்ப" என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். நொக்ஸின் ஏணியில் அது கீழே மூன்றாம் படி. ஆனால் அந்த "உம்ப"வில் இருந்த பிரியத்தை நான் வேறெந்தச் சொல்லிலும் கேட்டதில்லை. வாப்பாவின் மையித்து வீட்டில் அவர் "உம்ப கியாத?" (நீ போய்விட்டாயா?) என்று விம்மியதை நானும் என் தாத்தாவும் கேட்டோம். (தாத்தா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரி, அவருக்கோ அதே சொல் தகப்பன். இந்தக் குழப்பத்தில் நாங்கள் சிறுவயதில் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.)

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கந்தோருக்கு வாப்பாவோடு போனேன். காணி உறுதி சம்பந்தமான அலுவல். மேசைக்குப் பின்னால் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் இளைஞன். வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக நின்ற வாப்பாவை நிமிர்ந்தும் பாராமல், "தமுசேட்ட மொனவத ஓனே?" என்றான். என்ன வேண்டும் என்ற கேள்விதான். வாப்பா "மஹத்தயா" என்று தொடங்கித் தன் அலுவலைச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, "அவன்ட வாப்பாவும் என்ட வயசுதான் இருப்பார்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

கடைக்கு வந்து படியேறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. "நீ இன்னும் சாக்க உள்ளுக்கு எடுக்கல்லயா?" என்று வாப்பா அந்தப் பெரியவரை ஏசினார். அவருக்கு வாப்பாவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

அன்று எனக்குக் கந்தோர் இளைஞன் மீது மட்டும்தான் கோபம் வந்தது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. வாப்பா கொடியவர் அல்ல. அந்தப் பெரியவரின் மகளின் கலியாணத்துக்கு உதவியவர், அவருக்கு நோய் வந்தபோது வைத்தியரிடம் அழைத்துப் போனவர். கந்தோரில் தன் நெஞ்சில் குத்திய முள்ளைத் தன் நாக்கிலும் வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

றொஜர் பிரவுன், அல்பர்ட் கில்மன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்பானிய மொழியும் அதில் வருகிறது. அவர்கள் கண்டது இது. இருவர் ஒரே சொல்லைக் கொடுத்து வாங்கினால் அங்கே இருப்பது நெருக்கம் அல்லது பரஸ்பர மதிப்பு. ஒருவர் நீ கொடுத்து நீங்கள் வாங்கினால் அங்கே இருப்பது அதிகாரம். பக்கத்துக் கடை முதலாளியின் "உம்ப" திரும்பி வந்தது. அந்தப் பெரியவருக்கு நாங்கள் கொடுத்த நீ ஒருநாளும் திரும்பி வரவில்லை, வந்திருந்தால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும்.

இதைச் சீர்செய்ய உலகம் இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள், பிரபுவாயினும் நீதிபதியாயினும் எல்லோரையும் நீ என்றே அழைப்போம் என்றார்கள். அதற்காக ஏச்சும் அடியும் வாங்கினார்கள். ஆனால் ஆங்கிலம் அவர்கள் பின்னால் போகவில்லை, எல்லோரையும் "யூ" என்று மேலே தூக்கிவிட்டு நீயையே கைவிட்டது. சுவீடன் நாட்டவர் 1960களின் இறுதியில் கீழே இறங்கி, எல்லோரும் "டூ" என்றானார்கள். எங்கள் பிள்ளைகள் சிலர் சங்கடமான இடங்களில் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் இதனால்தான், "யூ"வுக்குள் ஒளிந்துகொள்ளலாம். சிங்களப் பேச்சில் வினைச்சொல் ஆளைக் காட்டாது. சொல்லையே விட்டுவிட்டு "அய்யே", "மாமே" என்று உறவு சொல்லிச் சமாளிக்கலாம். மலைநாட்டு முஸ்லிம்களாகிய எங்கள் வீட்டுப் பேச்சிலும் "நான் வந்த, நீங்க வந்த, அவர் வந்த" என்று வினை ஆளை மறைக்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பிழை என்று திருத்துவார்கள். திருத்திய நானும் ஒரு தமிழாசிரியன். இப்போது நினைத்தால் அந்தப் பிழைக்குள் ஒரு நீதி இருந்ததோ என்று தோன்றுகிறது. ஆனால் "வா" என்பதா "வாங்க" என்பதா என்ற இடத்தில் எங்கள் பேச்சும் அகப்பட்டுக்கொள்ளும்.

அரபுக்கு இந்தத் தொல்லை இல்லை. குர்ஆனின் அரபில் அரசனுக்கும் அடிமைக்கும் "அன்த" தான். பாலைவனத்து நாட்டுப்புறத்தான் நபியவர்களின் சபைக்கு வந்து பேசியதும் அந்தச் சொல்லால்தான். தமிழில் பெயர்த்தவர்களோ ஒவ்வொரு இடத்திலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நபிக்கு நீர், மக்களுக்கு நீங்கள், இறைவனுக்கு நீ. மூலத்தில் இல்லாத படிகளைத் தமிழ் கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் அல்லாஹ்வுக்கு நாம் சொல்லும் நீ, ஏகத்துவத்துக்காக மட்டும் வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. பாத்திஹா சூராவை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் இறைவன் படர்க்கையில், புகழப்படுபவனாக இருக்கிறான். நடுவில் சட்டென்று முன்னிலைக்கு வந்துவிடுகிறான், நேரே அழைக்கிறோம். ஙாயிபாக இருந்தவன் முஹாதபாகிறான். நீ என்பது இங்கே தூரம் அழிந்த இடம். அந்தலூசியாவின் கடைசி முஸ்லிம்கள் ஒளித்து வைத்த தாள்களில் எழுதிய "தூ"வும் அதே இடம்தான்.

ஆகவே நீ கெட்ட சொல்லென்றும் நீங்கள் நல்ல சொல்லென்றும் பிரித்துவிட முடியாது. அடிமையை "என் அடிமை" என்று அழைக்க வேண்டாம், "என் இளைஞன்" என்று அழையுங்கள் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அது சுட்டுப்பெயரை மாற்றச் சொல்லவில்லை. உரிமைச் சொல்லை மாற்றச் சொன்னது. "தம்பி" என்பது தமிழில் எவ்வளவு இதமான சொல்! அதையே "தம்பியா" என்று சிங்களத்தில் சொன்னால் முஸ்லிமை இழிவு செய்வது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில், ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபடி அந்தச் சொல்லைத்தான் நாங்கள் பயந்தோம். அதே வாரத்தில் "நானா, பயவென்ன எபா" (பயப்படாதீர்கள்) என்று தொலைபேசியில் சொன்ன சிங்கள நண்பர்களும் இருந்தார்கள். தம்பியும் நானாவும் இரண்டும் நம்மிடமிருந்து அவர்கள் எடுத்தவைதான்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த பிறகு ஒரு விடுமுறையில் கடைக்குப் போயிருந்தேன். அந்தப் பெரியவர் கண்பார்வை மங்கி, மூட்டை தூக்க முடியாமல், பழக்கத்துக்காக வந்து படியில் உட்கார்ந்திருந்தார். புத்தகங்கள் படித்துச் சமத்துவம் தலைக்கேறியிருந்த வயது எனக்கு. "நீங்க எப்படி இருக்கிறீங்க?" என்றேன். கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "என்னாங்க சின்ன மொதலாளி, ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேங்களா?" என்றார்.

அவருக்கு அது கோபமாகக் கேட்டது. வாழ்நாள் முழுவதும் பழகிய தூரத்தை நான் திடீரென்று மாற்றியது, இனி இங்கே வராதே என்பது போல் கேட்டிருக்கலாம். "இல்ல, இல்ல, உக்காருங்க" என்று கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்தது அவருக்கென்று ஒதுக்கி வைத்த தனிக் கோப்பையில். அதை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமென்று அப்போது தோன்றவுமில்லை. சொல்லை மட்டும் மாற்றினேன், செலவில்லாதது அது ஒன்றுதானே. அந்த "நீங்க" என் மனச்சாட்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த இனிப்பு, அதற்குப் பயம் என்ற விலையை அவர் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் இருந்தார். நான் மறுபடி நீ என்றே சொன்னேன்.

பேத்தியிடம் நான் பதில் சொல்லாததால் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை வளவு கூட்டி முடித்து அந்த அம்மாள் பின்வாசலில் நின்றபோது, "உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிங்க" என்றாள். குசினியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "நான் இங்கனயே குடிக்கிறேன் பாப்பா" என்றார். பிள்ளை இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், கல்லில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பானிய மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டினாள். அவர் "எங்க, இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொல்லு என்றாரா, சொல்லுங்க என்றாரா என்று மனைவியிடம் கேட்டேன். மழைச் சத்தத்தில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றாள்.